சிறிய பூங்காவில் எதை முதலில் செய்தால் ஆட்கள் வந்து நடப்பார்கள், விளையாடுவார்கள்?

தெருவாசி எழுதியது:
வணக்கம். 75 மீட்டருக்கு 80 மீட்டர், அதாவது 0.6 எக்டேர் பூங்கா ஒன்றின் சீரமைப்புத் திட்டம் கருத்துக் கேட்புக்கு வந்திருக்கிறது. நான்கு பக்கமும் தெரு. ஆள் உயரச் சுற்றுச்சுவர், ஒரே ஒரு கேட். உள்ளே நடுவில் புல்வெளி, அதைக் குறுக்காக வெட்டும் இரண்டு பாதைகள், ஒரு மூலையில் ஊஞ்சலும் சறுக்கும். புதிய திட்டத்தில் பாதிப் பணம் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளுக்குப் போகிறது. மீதியில் நீரூற்று, வரவேற்பு வளைவு, கொஞ்சம் நடைபாதை. ஆட்கள் அதிகம் வரவேண்டும், வந்தவர்கள் உட்கார்ந்திருக்காமல் உடம்பை அசைக்கவேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் இந்த வரிசை சரிதானா? எதை முதலில் செய்யவேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்?

தளவரைவு எழுதியது:
வரிசை தலைகீழாக இருக்கிறது. கருவிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கேட்டைப் பாருங்கள். பூங்காவுக்குள் என்ன இருக்கிறது என்பது வந்தவருக்குத்தான் தெரியும். வருவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது தூரமும் விளிம்பும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். உங்கள் பூங்காவின் சுற்றளவு 310 மீ. ஒரு பக்கத்தின் நடுவில் மட்டும் கேட் இருந்தால், நேர் எதிர்ப்பக்க வீட்டுக்காரர் சுவரை ஒட்டியே 155 மீ. சுற்றி வந்துதான் உள்ளே நுழைய முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் பசுமைவெளி வீட்டிலிருந்து நேர்கோட்டில் 300 மீட்டருக்குள் இருக்கட்டும் என்கிறது, அது ஏறக்குறைய ஐந்து நிமிட நடை. அதில் பாதியை உங்கள் சுவரே தின்றுவிடுகிறது. இன்னும் மூன்று வாயில் திறந்தால், வேறு எதுவும் கட்டாமலே பூங்கா பல வீடுகளுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

வாயிலைத் தெருமுனைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நேராக வையுங்கள், அப்போது பூங்கா ஒரு குறுக்குவழி ஆகும். கடைக்குப் போகிறவர் தினம் இரண்டு முறை உள்ளே நடப்பார். அது உடற்பயிற்சிக் கணக்கிலும் சேரும், யாரோ ஒருவர் எப்போதும் நடமாடும் இடம் என்ற தைரியத்தை மற்றவர்களுக்கும் கொடுக்கும்.

சுவர் விஷயத்தில் நியூயார்க்கின் பிரையன்ட் பூங்கா நல்ல உதாரணம். தெரு மட்டத்தைவிட உயர்ந்து, வேலியும் புதரும் மறைத்து, நகரின் நடுவிலேயே இருந்தும் 1970களில் போதைப்பொருள் விற்பவர்களின் இடமாகிப் போனது. ஆய்வாளர் வில்லியம் ஒயிட்டின் யோசனைப்படி புதர்களை நீக்கி, நுழைவுகளை அகலமாக்கி, புதியவற்றைத் திறந்து, நகர்த்தக்கூடிய நாற்காலிகளைப் போட்டு 1992இல் மறுபடி திறந்தார்கள். இன்று அது நெரிசலான பூங்கா. உள்ளே நடப்பது தெருவிலிருந்து தெரியவேண்டும், தெரு உள்ளேயிருந்து தெரியவேண்டும். முழுச் சுவரை எடுக்க முடியாவிட்டால் 45 முதல் 60 செ.மீ. வரை கட்டையாக விட்டு, மேலே கம்பி வேலி போடுங்கள். அந்தக் கட்டைச்சுவரே உட்காரும் இடமும் ஆகும்.

அளவுகோல் எழுதியது:
வாயிலுக்கு அடுத்தது வளையப் பாதை. குறுக்குப் பாதைகள் கடந்துபோக மட்டும்தான் உதவும். நடைப்பயிற்சிக்கு வருபவருக்குத் தொடங்கிய இடத்துக்கே திரும்பக் கொண்டுவரும் பாதை வேண்டும்.

ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் அந்நாட்டின் 25 நகரங்களில் 174 பூங்காக்களை நேரில் கவனித்து எண்ணியது. வளையப் பாதை உள்ள பூங்காக்களில் ஒரு மணி நேரத்தில் காணப்பட்டவர்கள் 80 சதவீதம் அதிகம். முதியவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பு. மிதமான, கடுமையான உடலுழைப்பின் அளவு 90 சதவீதம் அதிகம். இது கவனிப்பு ஆய்வு என்பதை மறக்கவேண்டாம். பாதை போட்ட பூங்காக்கள் வேறு வகையிலும் மேம்பட்டவையாக இருந்திருக்கலாம், ஆகவே பாதை போட்ட மறுநாளே 80 சதவீதம் கூடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆனாலும் வேறெந்த ஒற்றை அம்சத்துக்கும் இவ்வளவு பெரிய வித்தியாசம் எளிதில் கிடைப்பதில்லை.

உங்கள் இடத்தில் எல்லையிலிருந்து 5 மீ. உள்ளே தள்ளிப் பாதையின் மையக்கோட்டைப் போட்டால் 65 × 70 மீ. செவ்வகம், சுற்று 270 மீ. மூலைகளை 10 மீ. ஆரத்தில் வளைத்தால் ஏறக்குறைய 250 மீ. பத்துச் சுற்று 2.5 கி.மீ., மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் அரை மணி நேரம். வாரம் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம், பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு சரியாக வந்துவிடுகிறது. மையக்கோட்டை டேப்பால் அளந்து 50 மீட்டருக்கு ஒரு குறி போடுங்கள், தொடக்கத்தில் "10 சுற்று = 2.5 கி.மீ." என்று எழுதுங்கள். பெயின்ட் ஓரிரு வருடத்தில் அழிந்துவிடும், கல்லில் பதிப்பது நல்லது.

மூலைகளைச் செங்கோணமாக விடாதீர்கள். ஓடுபவர்கள் உள்மூலையை வெட்டிப் புல்லில் ஒற்றையடிப் பாதை உண்டாக்கிவிடுவார்கள்.

வேர்மண் எழுதியது:
பாதையின் அகலமும் அடித்தளமும் பற்றி யாரும் சொல்லவில்லையே. எதிரெதிரே இரண்டு சக்கர நாற்காலிகள் தாண்ட 1.8 மீ. வேண்டும். இருவர் பேசிக்கொண்டே நடக்க, பின்னால் ஓடிவருபவர் தாண்டிப் போக 2.5 முதல் 3 மீ. 1.2 மீட்டரில் போட்டால் ஜோடியாக வருபவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போகவேண்டும். பேச்சுத்துணைக்காகவே நடக்க வருபவர்கள் நிறையப் பேர், அவர்களை அந்தப் பாதை துரத்திவிடும்.

மேற்பரப்பில் பளபளக்கும் டைல்ஸ் வேண்டவே வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். பேவர் பிளாக் போட்டால் இரண்டு ஓரத்திலும் கான்கிரீட் தடுப்பு இருந்தே தீரவேண்டும். இல்லாவிட்டால் கல் பக்கவாட்டில் விலகி, இடைவெளி விட்டு, ஒவ்வொன்றாகத் தலைதூக்கும். முதியவர் தடுக்கி விழுவதற்கு 1 செ.மீ. மேடு போதும். ஓடுபவர்களுக்கு இதமானது நொறுக்கிய கல்தூள் பாதை. கீழே 150 மி.மீ. இறுக்கிய சல்லி, மேலே 50 முதல் 75 மி.மீ. கல்தூள், நனைத்து ரோலர் ஓட்டவேண்டும். கல்தூள் முனை உள்ளதாக இருக்கவேண்டும், உருண்டையான ஆற்றுக் கூழாங்கல் எத்தனை ரோலர் ஓட்டினாலும் இறுகாது, சக்கரம் புதையும். நீளவாக்கில் 5 சதவீதத்துக்கு மேல் சரிவு இருந்தால் கல்தூள் மழையில் அரித்துப் போகும், அந்த இடத்தில் மட்டும் தார் அல்லது கான்கிரீட்.

குறுக்குச் சரிவு 2 சதவீதம். அதற்குக் குறைந்தால் தண்ணீர் தேங்கும், கூடினால் சக்கர நாற்காலி ஒரு பக்கமாக இழுக்கும். பாதையைப் பக்கத்து மண்ணைவிட 5 செ.மீ. உயர்த்தி, சரிவின் பக்கம் ஆழமில்லாத புல் வாய்க்கால் விடுங்கள். வளையத்தில் ஒரே ஒரு இடத்தில் தண்ணீர் தேங்கினாலும் மொத்த வளையமும் அன்றைக்குப் பயனில்லை. நேர்ப்பாதைக்கும் வளையத்துக்கும் உள்ள வித்தியாசம் இது.

மரம்: பாதையின் மேற்குப் பக்கத்தில் வைத்தால்தான் மாலை வெயில் மறையும். பாதை ஓரத்திலிருந்து 1.5 முதல் 2 மீ. தள்ளி, மரத்துக்கு மரம் 8 மீ. வேர் கல்லைத் தூக்குகிறது என்று மரத்தைக் குறை சொல்கிறோம். உண்மையில் பக்கத்து மண் இறுகிக் கிடப்பதால், கல்லுக்கு அடியில் ஈரமும் காற்றும் உள்ள மெல்லிய அடுக்கைத்தான் வேர் தேடி வருகிறது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழி வெட்டி நட்டால் இதுதான் நடக்கும். குழிக்குப் பதில் மரவரிசை நெடுக 2 மீ. அகலப் பட்டையாக 60 செ.மீ. ஆழத்துக்கு மண்ணைக் கொத்தித் தளர்த்திவிடுங்கள், அதன் மேல் யாரும் வண்டி ஏற்றக்கூடாது. கட்டுமானக் காலத்தில் சல்லி லாரி நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதல் நாளே கயிறு கட்டித் தடுத்துவிடுங்கள்.

படிமேடை எழுதியது:
மேலே சொன்னதெல்லாம் நடக்க முடிந்தவர்களுக்கு. 50 மீ. நடந்தால் மூச்சு வாங்குபவருக்கு 250 மீ. வளையம் பயமூட்டும் தூரம். அவரை நடக்கவைப்பது பெஞ்ச். உட்கார இடம் போட்டால் ஆட்கள் உட்கார்ந்தேவிடுவார்கள் என்று பல திட்டங்களில் அதை வெட்டுகிறார்கள், அது தவறான கணக்கு. அடுத்த பெஞ்ச் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அவர் முதல் அடியே எடுத்து வைப்பார். ராண்ட் எண்ணிய பூங்காக்களில், மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கான முதியவர்கள் வந்தவர்களில் வெறும் 4 சதவீதம்.

50 மீட்டருக்கு ஒன்று என்றால் உங்களுக்கு ஐந்து இடம். இருக்கை உயரம் 45 செ.மீ., முதுகுச் சாய்வு, இரண்டு பக்கமும் கைப்பிடி. கைப்பிடி ஊன்றி எழுவதற்கு, அழகுக்கு இல்லை. பெஞ்சின் ஒரு பக்கம் 90 செ.மீ. அகலத்துக்குக் கெட்டித் தரை விடுங்கள், சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ நிற்க. பாதையிலிருந்து அரை மீட்டராவது பின்னால் தள்ளிப் போடுங்கள், நீட்டிய கால் நடப்பவரைத் தடுக்கக்கூடாது. கல் பெஞ்ச் வெயிலில் கொதிக்கும், உலோகம் அதைவிட மோசம். நிழல் விழும் இடம் பார்த்துப் போடுங்கள். நிழலை நண்பகலில் பார்க்காதீர்கள், ஆட்கள் வரும் நேரத்தில் பாருங்கள்.

வாயிலில் பைக்கைத் தடுக்க வைக்கும் சுழல் கேட்டும் வளைந்த குழாய்த் தடுப்பும் முதலில் தடுப்பது சக்கர நாற்காலியையும் இரட்டைக் குழந்தை வண்டியையும்தான். போலார்டுகளுக்கு, அதாவது வண்டியைத் தடுக்க நடும் குட்டைத் தூண்களுக்கு, நடுவே 1.5 மீ. இடைவெளி விட்டால் கார் நுழையாது, இவர்கள் நுழையலாம். படி இருந்தால் அதன் பக்கத்திலேயே 1:12க்கு (12 மீ. நீளத்துக்கு 1 மீ. உயரம்) மேல் செங்குத்தாகாத சாய்தளம். 75 செ.மீ. உயரம் ஏறியதும் 1.5 மீ. சமதளம் விடவேண்டும்.

கழிப்பறை இல்லாத பூங்காவில் பெண்களும் முதியவர்களும் சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களும் அரை மணிக்கு மேல் தங்குவது கடினம். அதைப் பின்மூலையில் புதருக்குப் பின்னால் ஒளித்துவைக்காதீர்கள். வளையப் பாதையை ஒட்டி, கதவு பாதையைப் பார்த்து இருக்கட்டும்.

தெருவாசி எழுதியது:
மிக்க நன்றி. வளைவும் நீரூற்றும் போகட்டும். ஆனால் கருவிகளைப் பற்றித்தான் தெருக்காரர்கள் அதிகம் கேட்கிறார்கள், "உடற்பயிற்சிக்கு என்ன செய்தீர்கள்" என்றால் காட்ட ஏதாவது வேண்டுமே. மொத்தமாக விட்டுவிட முடியாது. தவிர, போலார்டு 1.5 மீ. இடைவெளியில் பைக் தாராளமாக வருமே?

திருகாணி எழுதியது:
விடவேண்டாம், எண்ணிக்கையைக் குறைத்து இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்.

அசையும் கருவிகளில் முதலில் போவது பேரிங். சீல் இல்லாத பேரிங்கில் மணலும் மழைநீரும் புகுந்து சில மாதங்களிலேயே கிரீச்சிடும், பிறகு ஆட்டம் கொடுக்கும், பிறகு யாரும் தொடமாட்டார்கள். டெண்டரில் "இருபக்கமும் சீல் செய்த பேரிங்" என்று எழுதாவிட்டால் வராது. இரண்டாவது, தொங்கும் தட்டுகளில் நின்று கால்களை முன்னும் பின்னும் வீசும் காற்றுநடைக் கருவி. கால்தட்டு வீசும் கோணத்துக்கு ரப்பர் நிறுத்தி இருக்கவேண்டும், அது தேய்ந்தால் தட்டு கட்டுப்பாடில்லாமல் வீசிப் பக்கத்தில் நிற்கும் குழந்தையின் முகத்தில் அடிக்கும். மூன்றாவது, தரையோடு சேரும் இடத்தில் கம்பம் துருப்பிடிப்பது. கான்கிரீட்டின் மேல்முகம் கம்பத்தைச் சுற்றிக் குழிந்திருந்தால் தண்ணீர் நிற்கும். வெளிப்பக்கம் சரிவாகப் பூசவேண்டும்.

ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 16630 இவற்றை 1.4 மீ. உயரத்துக்கு மேற்பட்டவர்களுக்கான கருவியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே குழந்தைகள் விளையாடுமிடத்துக்கு உள்ளே வைக்காதீர்கள், ஆனால் அதைப் பார்த்தபடி 10, 15 மீ. தள்ளி வையுங்கள். குழந்தையைக் கண்காணித்தபடி சும்மா நிற்கும் பெற்றோர்தான் உங்களுக்கு நிச்சயமான பயனாளி. ஆளில்லாத மூலையில் வரிசையாகப் பத்துக் கருவி வைத்தால், வேடிக்கை பார்க்கப்படுகிறோமோ என்ற கூச்சத்தில் பெண்கள் பக்கத்திலேயே வரமாட்டார்கள்.

பத்துக்குப் பதில் அசையாத கம்பிகளே போதும். 1 மீ., 1.8 மீ., 2.3 மீ. என மூன்று உயரத்தில் கிடைக்கம்பி, ஒரு ஜோடி இணைக்கம்பி, 30 செ.மீ. உயர மேடை ஒன்று. சாய்ந்து இழுப்பது, தொங்குவது, மேடை ஏறி இறங்குவது, எல்லாம் இதிலேயே முடியும். தேய்வதற்கு எதுவும் இல்லை. பெரும்பாலான அசையும் கருவிகளில் எடையைக் கூட்ட வழி கிடையாது, அதனால் பழகியவருக்குச் சீக்கிரம் சலித்துவிடும். முதியவர்களுக்காக அசையும் கருவி இரண்டு, அவ்வளவுதான். முழுப்பகுதிக்கும் நிழல் இல்லையென்றால் எதையுமே வைக்காதீர்கள், சூடேறிய இரும்பை யாரும் பிடிக்கமுடியாது.

ஊஞ்சல், சறுக்கு இருக்கும் மூலையையும் பாருங்கள். விழும் உயரம் 2 மீ. வரை என்றால் மரச்சீவலோ மணலோ 20 செ.மீ., 3 மீ. வரை 30 செ.மீ., இரண்டிலும் கால்பட்டு விலகுவதற்காகக் கூடுதலாக 10 செ.மீ. ஊஞ்சலுக்கு நேர் கீழே கால் உரசி உரசிக் குழி விழும், பெரும்பாலும் அங்கேதான் ஆழம் போதாமல் காயம் ஆகிறது. வாரம் ஒரு முறை வாரியால் இழுத்து நிரப்ப ஆள் இல்லையென்றால் ரப்பர் தரைக்குப் போங்கள், அதற்கு நிழல் கட்டாயம்.

தளவரைவு எழுதியது:
பைக் பற்றி: இடைவெளியைக் குறுக்கித் தடுக்கப் பார்த்தால் படிமேடை சொன்ன சிக்கல்தான் வரும். பைக் உள்ளே வருவது பெரும்பாலும் குறுக்குவழிக்கு. வாயில்களை நேர்க்கோட்டில் எதிரெதிரே வைக்காமல், வளையப் பாதையில் சேர்ந்து திரும்பிப் போகும்படி வைத்தால் வண்டிக்குக் குறுக்குவழி லாபம் குறையும், நடப்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. வாயிலுக்கு வெளியிலேயே பைக் நிறுத்த இடமும் சைக்கிள் கம்பியும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்கும் மேல் கண்காணிப்புதான், வடிவமைப்பு எல்லாவற்றையும் செய்துவிடாது.

கூழாங்கல் எழுதியது:
நடுப்புல்வெளியைப் பற்றி யாரும் பேசவில்லை. அதை ஒரே பெரிய விளையாட்டுத் திடலாக மாற்றும் யோசனை அடுத்து வரும், அதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

வியன்னாவில் 1990களின் நடுவில் செய்த ஆய்வில், ஒன்பது வயதுக்கு மேல் பெண்குழந்தைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவதும், ஆண்குழந்தைகள் அப்படிக் குறையாததும் தெரிந்தது. திடல் ஒன்றுதான் என்றால் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள், பெண்கள் போட்டி போடாமல் விலகிவிடுகிறார்கள். 1999இலிருந்து ஐன்ஸீட்லர், செயின்ட் யோஹான் என்ற இரண்டு பூங்காக்களை மாற்றினார்கள். பெரிய திறந்தவெளியைச் செடிவரிசைகளால் சிறு பகுதிகளாகப் பிரித்து, கைப்பந்தும் பூப்பந்தும் ஆட இடம் விட்டு, பாதைகளைச் சேர்த்தார்கள். பெண்குழந்தைகள் திரும்ப வந்தார்கள். யாரையும் வெளியேற்றவில்லை, இடத்தின் வடிவம்தான் மாறியது.

உங்கள் நடுப்பகுதியை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று பந்தாட்டத்துக்கு. ஒன்று பூப்பந்துக்கும் கைப்பந்துக்கும், வலை மாட்ட இரண்டு கம்பம் போதும். மூன்றாவது கோடும் கம்பமும் இல்லாத சமதளம், நடனமோ யோகாவோ தாண்டாட்டமோ அவர்கள் விருப்பம். கம்பி வேலி போட்ட ஆடுகளம் என்றால் ஒரே குறுகிய கதவு வைக்காதீர்கள். உள்ளே சிக்கிக்கொள்வோம் என்ற பயம் வரும். அகலமான திறப்பு இரண்டாவது வேண்டும். பதின்வயதுப் பெண்களுக்கு ஒருவரையொருவர் பார்த்து உட்காரும் இருக்கை, ஒரு மேடை, இரண்டு பேர் அமரும் அகல ஊஞ்சல், இவை ஆடுகளத்தைவிட அதிகம் பயன்படும்.

ஒளிக்கோணம் எழுதியது:
விளக்கு. வேலைக்குப் போகிறவர்கள் வரும் நேரம் இருட்டிய பின்தான், அதனால் இதைக் கடைசியில் மிஞ்சிய காசில் செய்யக்கூடாது.

உயர்ந்த கம்பத்தில் ஒரே பெரிய விளக்கு என்பது மோசமான தேர்வு. அதற்குக் கீழே கண்கூசும், மரத்தின் பின்னால் கும்மிருட்டு. கண் பிரகாசத்துக்குப் பழகிவிட்டால் நிழலுக்குள் நிற்பவர் தெரியவே மாட்டார். 4 மீ. கம்பம், கிளைகளுக்குக் கீழே விளக்கு. பாதையில் வெளிச்சம் சராசரி 10 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எந்தப் புள்ளியிலும் 2 லக்ஸுக்குக் குறையாமல். வேர்மண் 8 மீட்டருக்கு ஒரு மரம் என்றார். ஒன்று விட்டு ஒரு இடைவெளியின் நடுவில் கம்பம் வைத்தால் 16 மீட்டருக்கு ஒன்று, வளையத்துக்குப் பதினாறு கம்பம். மர வரைபடமும் மின் வரைபடமும் தனித்தனி ஆட்களிடம் போவதால்தான் மரத்துக்குள் விளக்கு புதைந்துபோகிறது. இரண்டையும் ஒரே தாளில் போடச் சொல்லுங்கள். ஒளியின் நிறம் 3000 கெல்வின் அல்லது அதற்குக் கீழ், அதாவது மஞ்சள் சாய்ந்த வெள்ளை, கண்ணுக்கும் பறவைக்கும் பூச்சிக்கும் அதுவே நல்லது.

பாதையோரச் செடி 60 செ.மீட்டருக்கு மேல் வளராத இனமாகவும், மரத்தின் கீழ்க்கிளை 2.4 மீட்டருக்கு மேலேயும் இருக்கட்டும். நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் மனிதர் முகம் தெரியும். வெட்டி வெட்டிக் குட்டையாக வைப்போம் என்ற நம்பிக்கையில் உயரமாக வளரும் புதரை நடாதீர்கள், ஒரு மழைக்காலம் வெட்டாமல் விட்டால் போதும், பாதை சுரங்கமாகிவிடும்.

வேர்மண் எழுதியது:
ஒளிக்கோணம் சொன்னதோடு ஒரு திருத்தம். புதிதாக நட்ட மரத்தின் கீழ்க்கிளையை முதல் வருடமே 2.4 மீட்டருக்கு வெட்டக்கூடாது, தண்டு பருக்காமல் காற்றில் சாயும். மொத்த உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இலை இருக்கட்டும், உயர உயரக் கீழிருந்து கழிக்கலாம். அதுவரை அந்த இடத்தில் கம்பத்தை நெருக்கிப் போடுவதா என்று யோசியுங்கள்.

அளவுகோல் எழுதியது:
வேலை தொடங்கும் முன் எண்ணிவிடுங்கள். எண்ணாமல் கட்டினால் ஆட்கள் கூடினார்களா என்று பிறகு யாராலும் சொல்லமுடியாது. சோபார்க் என்ற முறை இதற்காகவே உருவானது. பூங்காவைச் சிறு பகுதிகளாக வரைபடத்தில் பிரித்து, ஒவ்வொன்றையும் இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை பார்வையால் கடந்து, ஆண் பெண், வயதுப் பிரிவு, உட்கார்ந்திருப்பவர், நடப்பவர், வேகமாக இயங்குபவர் எனக் குறிக்கவேண்டும். வாரத்தில் 4 நாள், நாளுக்கு 4 முறை போதும், அதில் ஒரு நாளாவது வார இறுதி. ஒரு சுற்றை முடித்த பின் "அவர் இப்போது எழுந்து நடக்கிறாரே" என்று திரும்பிப்போய்த் திருத்தக்கூடாது. பார்த்த நொடியில் இருந்த நிலைதான் கணக்கு. ஆறு மாதம் கழித்து எண்ணும்போது அதே மாதம், அதே நேரம் வராது. அதனால் ஒரு வருடம் கழித்து அதே மாதத்தில் எண்ணுங்கள்.

இன்னொன்று, ஆள் வைத்து நடத்தும் வகுப்பு. வாரம் இரண்டு காலை யோகாவோ குழு நடையோ நடத்தினால், அதற்கென்றே வருபவர்கள் வருவார்கள். கட்டடம் எதுவும் வேண்டாம், கூழாங்கல் சொன்ன சமதளமும் நிழலும் ஒரு அறிவிப்புப் பலகையும் போதும்.

தெருவாசி எழுதியது:
வரிசையை இப்படி எழுதிக்கொண்டேன்: முதலில் எண்ணுவது. பிறகு மூன்று புது வாயில், சுவரைக் குறைப்பது. அடுத்து 250 மீ. வளையம், வடிகால், மண்ணைத் தளர்த்தி மரம். பெஞ்ச் ஐந்து, விளக்குக் கம்பம் பதினாறு, கழிப்பறை. நடுப்பகுதியை மூன்றாகப் பிரிப்பது. கருவிகளுக்கு ஒதுக்கியதில் பெரும்பகுதி இவற்றுக்குப் போகிறது, கம்பிகளும் இரண்டு கருவியும் மிஞ்சும். மரம் வளரும் வரை நிழலுக்கு என்ன செய்வது? நண்பகலில் பூட்டிவைக்கும் வழக்கத்தைத் தொடரலாமா?

வேர்மண் எழுதியது:
நிழலுக்கு, பெஞ்ச் இருக்கும் ஐந்து இடத்திலும் விளையாட்டு மூலையிலும் மட்டும் துணிக்கூரையோ கொடிப்பந்தலோ போடுங்கள். வளையம் முழுக்க வேண்டாம். கூரைக் கம்பத்தின் அடித்தளத்தை மர வரிசைக்குள் தோண்டாதீர்கள், எதிர்ப்பக்கம் தோண்டுங்கள். துணிக்கூரை காற்றில் தூக்கும், அடித்தளத்தை அதற்கேற்பக் கணக்கிடவேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றும்படி கொக்கி இருக்கவேண்டும்.

படிமேடை எழுதியது:
பூட்டவேண்டாம். இரவு வேலை முடித்து வருபவர், பள்ளி விட்டு வரும் குழந்தை, வெயில் தாழக் காத்திருக்காமல் நிழலில் நடக்க விரும்பும் முதியவர், இவர்களுக்கெல்லாம் அதுதான் நேரம். நான்கு வாயிலையும் தினம் இரண்டு முறை பூட்டித் திறக்க ஆள் வேண்டும், அவர் வராத நாளில் மூன்று வாயில் மூடியே கிடக்கும், மறுபடியும் ஒற்றைக் கேட் பூங்காதான். பூட்டியே ஆகவேண்டும் என்று உத்தரவு வந்தால் நேரத்தை நான்கு வாயிலிலும் வெளிப்பக்கம் பெரிதாக எழுதி வையுங்கள், பொறுப்பானவரின் அலுவலகத் தொலைபேசி எண்ணையும் சேர்த்து.

தெருவாசி எழுதியது:
சரி. எண்ணும் படிவத்தை இந்த வாரமே தயார் செய்கிறேன். பகுதிகளைப் பிரித்த வரைபடத்தை இங்கே போடுகிறேன், எந்த இடத்தில் நின்றால் மறைவில்லாமல் முழுப் பகுதியும் தெரியும் என்று பார்த்துச் சொல்லுங்கள்.